ஏரும் பேரும்

மாட்டை நிறத்தாலும் ஊராலும் பெயரிட்டு அழைப்பது தமிழ் உழவர் வழக்கம். செவலை, மயிலை, காரி என்று ஒவ்வொரு தொழுவத்திலும் பெயர் பெற்ற காளைகள் நின்றன. வண்டிக்கும் ஏருக்கும் காங்கேயம் காளையே ஏற்றது என்று கொங்கு நாட்டார் உறுதி கூறுவர். கழனிச் சேற்றில் இறங்க உம்பளச்சேரி மாட்டுக்கு நிகர் வேறில்லை என்று தஞ்சைப் பகுதியார் அதனை மறுப்பர். இவ்வாறு இனம் பார்த்து மாடு பிடித்த மக்களின் கைக்கு இயந்திரம் வந்து சேர்ந்தபோது, அதனையும் அவர்கள் நிறம் பார்த்துப் பெயர் பார்த்து வாங்கத் தலைப்பட்டனர். மூன்று தலைமுறையாக ஒரே பெயருடைய வண்டியையன்றி வேறொன்றை வீட்டு முற்றத்தில் நிறுத்தாத குடும்பங்கள் தமிழகத்திலும் உண்டு, ஈழத்திலும் உண்டு, அமெரிக்க நாட்டுச் சோளக் கொல்லைகளிலும் உண்டு.

இப்பற்றினை அறியாமை என்று தள்ளுவார் சிலர். விளம்பரத்துக்கு மயங்கிய மனம் என்பது அவர்கள் கருத்து. வேறு சிலர் இதனை உழவனின் பட்டறிவு என்பர். இவ்விரு கருத்துகளுள் எது பொருந்தும் என்பதை, ஒரே ஒரு பெயரின் வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றால் ஓரளவு அறியலாம். பெர்குசன் என்பது அப்பெயர். அயர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் வழக்காடி, இங்கிலாந்தில் வளர்ந்து, கனடாவில் மணம் முடித்து, இறுதியில் சென்னை நீதிமன்றத்தின் படியேறிய பெயர் அது.

டிராக்டர் என்னும் சொல்லும் வணிகர் வாயினின்று பரவிய சொல்லேயாகும். ‘இழு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்த அச்சொல் முன்பும் இருந்ததுதான். ஆயினும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஹார்ட்-பார் நிறுவனத்தின் விற்பனைப் பகுதியினர் 1906ஆம் ஆண்டையொட்டித் தம் விளம்பரங்களில் அதனை எடுத்தாண்ட பின்னரே எங்கும் வழங்கலாயிற்று. தமிழில் உழுபொறி என்றும் உழவு இயந்திரம் என்றும் சொற்கள் தோன்றின. முன்னது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது. பின்னது ஈழத்தில் மக்கள் நாவிலும் ஏறியது. தமிழகத்திலும் மலேசியாவிலும் டிராக்டர் என்பதே நிலைத்தது. கம்பர் பாடியதாக வழங்கும் ஏரெழுபது, மேழிக்கும் கொழுவுக்கும் நுகத்துக்கும் தனித்தனியே பாட்டு வைத்திருக்கிறது. இந்தப் புதிய ஏரின் உறுப்புகளோ கியர், கிளட்ச், ஸ்டியரிங் என்றே இன்றும் பட்டறைகளில் வழங்குகின்றன. தமிழாசிரியர்கள் செய்யவேண்டிய பணி இங்கே மிச்சமிருக்கிறது, அது நிற்க.

போலிப் பெயரும் உண்மைப் பெயரும்

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் டிராக்டர் செய்யப் புகுந்த நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானவை. அவற்றுள் பல, ஓராண்டு விற்றுவிட்டு மறு ஆண்டு மறைந்தன. பொறி பழுதானால் மாற்று உறுப்புக்கு உழவன் எங்கே போவது? அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி, பெயர் என்பது எத்துணைப் பெருஞ்செல்வம் என்பதைக் காட்டும். மோட்டார் வண்டியால் உலகப் புகழ் பெற்றவர் ஹென்றி போர்டு. அவர் டிராக்டர் செய்வார் என்று உழவர் பலர் எதிர்பார்த்திருந்தனர். அவ்வெதிர்பார்ப்பை மினியாபொலிஸ் நகரத்தார் சிலர் பயன்படுத்திக்கொண்டனர். போர்டு என்னும் குடும்பப் பெயருடைய வேறொருவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, ‘போர்டு டிராக்டர் கம்பெனி’ என்று பெயர்ப்பலகை மாட்டி விற்பனை தொடங்கினர். பெயரை நம்பி வாங்கியவர்களுள் நெப்ராஸ்கா மாநிலத்து உழவர் வில்மட் குரோசியர் ஒருவர். வண்டி உருப்படியாக ஓடவில்லை. அடுத்து வாங்கிய வேறொரு வண்டியும் ஏமாற்றியது. பின்னர் வாங்கிய ரம்லி நிறுவனத்து வண்டியே சொன்ன வேலையைச் செய்தது.

குரோசியர் வெறும் உழவராக மட்டும் இருந்திருப்பின் கதை அத்தோடு முடிந்திருக்கும். அவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். அவர் முயற்சியால் 1919ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது: நெப்ராஸ்காவில் விற்கப்படும் எந்த டிராக்டரும் அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்டுத் தன் விளம்பரம் கூறும் ஆற்றலை மெய்ப்பித்தல் வேண்டும், உதிரி உறுப்புகளையும் மாநிலத்துக்குள் இருப்பு வைத்தல் வேண்டும். 1920இல் ‘வாட்டர்லூ பாய்’ என்னும் வண்டி முதலாவதாகச் சோதனையில் தேறியது. இச்சோதனைகளின் முடிவுகளை உலக முழுவதிலும் உழவர்கள் நம்பிப் படித்தனர். பெயரை மட்டும் நம்பி ஏமாந்த ஒருவர், பெயரை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லை நாட்டுக்கு அமைத்துத் தந்தார் எனலாம். உதிரி உறுப்பை அச்சட்டம் மறவாது சேர்த்துக்கொண்டது ஈண்டுக் குறிக்கத்தக்கது. உழவனின் மனம் அறிந்தவர் எழுதிய சட்டம் அது.

உண்மையான போர்டு 1917ஆம் ஆண்டில் தம் டிராக்டரை வெளியிட்டார். தம் பெயரை முன்பே பிறர் எடுத்துக்கொண்டமையால் ‘போர்ட்சன்’ என்று பெயரிட்டார் என்பர். போர்க்காலப் பஞ்சத்தில் தவித்த பிரிட்டன் ஆயிரக்கணக்கில் வாங்கியது. 1922இல் அதன் விலையை 395 டாலராகக் குறைத்தார் போர்டு. எதிரிகள் திணறினர். விற்கும் டிராக்டர்களுள் பெரும்பகுதி போர்ட்சனாகவே இருந்த காலம் அது. ஆனால் 1928இல் அமெரிக்காவில் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. காரணம் யாது? பயிர் வரிசைகளுக்கு இடையே நுழைந்து களை பறிக்க அதனால் இயலவில்லை. 1924இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் வெளியிட்ட ‘பார்மால்’ அவ்வேலையைச் செய்தது. மலிவு விலை வாங்குவோரைச் சேர்த்தது, அவர்களைத் தங்கவைக்கவில்லை. பற்று வேறு, மலிவு வேறு என்பதற்குப் போர்ட்சன் சிறந்த சான்று.

போர்ட்சனுக்கு இன்னொரு கெட்ட பெயரும் இருந்தது. வண்டியின் பின்னே சங்கிலியாலோ கொக்கியாலோ கட்டி இழுக்கும் கலப்பை, மண்ணுக்குள் மறைந்த பாறையிலோ மரவேரிலோ மாட்டிக்கொள்ளும். கலப்பை நகராது, சக்கரமோ சுழல முயலும். அவ்வேளையில் வண்டியின் முன்பகுதி குதிரைபோல் எழும்பி, ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். இவ்வாறு மாண்டவர் பலர்.

மூன்று முளைகளால் கட்டிய கட்டு

இக்குறையைத் தீர்த்தவரே ஹாரி பெர்குசன். 1884இல் அயர்லாந்தின் வடபகுதியில் டவுன் மாவட்டத்தில் ஓர் உழவர் குடியில் பிறந்தவர். வயல் வேலையில் விருப்பமின்றிப் பெல்பாஸ்ட் நகரில் மோட்டார் பட்டறையில் தொழில் பயின்றார். தாமே ஒரு வானூர்தி செய்து 1909ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அதில் பறந்தார். அயர்லாந்து மண்ணினின்று எழுந்த முதல் வானூர்தி அதுவே. போர்க்காலத்தில் டிராக்டர் விற்பனையிலும் இறங்கினார். அவர் விற்ற ‘ஓவர்டைம்’ என்னும் வண்டி, மேலே கூறிய வாட்டர்லூ பாய் வண்டியேயன்றி வேறன்று. கடல் கடந்ததும் பெயர் மாறியிருந்தது. 1917இல் அயர்லாந்து வேளாண்மைத் துறை, நாட்டிலுள்ள டிராக்டர்களைச் செவ்வனே இயங்கச் செய்யும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. ஊர் ஊராகச் சென்று உழவைக் கண்டபோது, குற்றம் இழுக்கும் பொறியிலன்று, கலப்பையைப் பூட்டும் முறையிலேயே உள்ளது என்பதை உணர்ந்தார்.

அவர் கண்ட முறை இது. கலப்பையை ஒரே இடத்தில் கொக்கியிட்டு இழுக்காமல், கீழே இரண்டு கைகளும் மேலே ஒன்றுமாக மூன்று இடங்களில் வண்டியோடு பிணைத்தார். எண்ணெய் அழுத்தத்தால் அக்கைகள் ஏறவும் இறங்கவும் செய்தார். மண் கடினமாகிக் கலப்பையின் மேல் சுமை மிகும்போது, மேற்கை முன்னோக்கித் தள்ளப்படும். அத்தள்ளுதலே எண்ணெய் வாயிலைத் திறந்து கலப்பையைச் சிறிது உயர்த்தும். அதே தள்ளுதல் வண்டியின் முன்பகுதியைத் தரையில் அழுத்தி வைக்கும். கலப்பையின் பாரம் பின்சக்கரத்தில் இறங்கிப் பிடிப்பைக் கூட்டும். ஆகவே ஒரு டன்னுக்குச் சற்றே மிகுந்த எடையுள்ள சிறு வண்டி, தன்னினும் பெரிய வண்டிகள் செய்த உழவைச் செய்தது. நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடும் ஓர் ஏர்க்காலும் ஓருடலாய் இயங்குவதைக் கண்ட தமிழ் உழவனுக்கு இம்முறையின் பெருமையை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் இதற்குள் ஒரு வணிகச் சூழ்ச்சியும் அடங்கியிருந்தது. 1936இல் ஹடர்ஸ்பீல்டு நகரத்துப் பல்சக்கரத் தொழிலதிபரான டேவிட் பிரவுனுடன் சேர்ந்து பெர்குசன் வெளியிட்ட டிராக்டரின் விலை 224 பவுன். அதனோடு பூட்டும் கருவி ஒவ்வொன்றுக்கும் 26 பவுன். உழவனிடம் முன்பே இருந்த கலப்பையும் பரம்பும் இவ்வண்டிக்குப் பொருந்தா. பெர்குசன் வண்டி வாங்கியவன் பெர்குசன் கலப்பையையே வாங்கவேண்டும். கலப்பையை வாங்கிவிட்டால் அடுத்த வண்டியும் பெர்குசனாகவே இருத்தல் வேண்டும். மூன்று இரும்பு முளைகளால் உழவனின் பற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டார் எனின் மிகையாகாது. அந்த விலைக்கு அஞ்சி உழவர் தயங்கினர். பிரவுனும் பெர்குசனும் பிணங்கினர்.

1938இல் பெர்குசன் தம் வண்டியுடன் அமெரிக்காவுக்குச் சென்று, டியர்பார்ன் நகரில் ஹென்றி போர்டின் நிலத்தில் உழுது காட்டினார். வெற்றியைக் கண்ட போர்டு அங்கேயே உடன்பட்டார். போர்டு செய்வார், பெர்குசன் விற்பார். பத்திரம் எழுதவில்லை, கைகுலுக்கியதே உடன்படிக்கை. 1939இல் வெளிவந்த ‘9என்’ என்னும் வண்டியில் போர்டின் பெயரும் பெர்குசன் முறை என்னும் குறியும் சேர்ந்தே பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வகையில் மூன்று இலட்சம் வண்டிகள் வெளிவந்தன.

கைகுலுக்கல் இரு மனிதருக்கிடையே நிகழ்ந்தது. நிறுவனமோ பேரன் கைக்குப் போயிற்று. இரண்டாம் ஹென்றி போர்டு, கணக்கைப் பார்த்து நட்டம் என்று கண்டு, 1947இல் உறவை முறித்துக்கொண்டார். அதே முறையிலமைந்த வண்டியைப் பெர்குசனை விலக்கிவிட்டுத் தாமே விற்கலானார். 1948இல் பெர்குசன் தொடுத்த வழக்கில் கேட்ட தொகை 25 கோடி டாலருக்கு மேல். நான்காண்டுகள் நடந்து, 1952இல் 92½ இலட்சம் டாலருக்கு முடிந்தது. கேட்டதில் இருபத்தைந்தில் ஒரு பங்கும் இல்லை எனினும், தம் கண்டுபிடிப்புக்குரிய காப்புரிமையை அவர் நிலைநாட்டிவிட்டார். எழுதாத உடன்படிக்கையின் அருமையை எழுதிவைக்க வழக்கறிஞர் பலர் வேண்டியிருந்தனர் போலும்.

சாம்பல் நிறமும் சிவப்பு நிறமும்

அமெரிக்காவில் வழக்கு நடந்துகொண்டிருக்கையில், இங்கிலாந்தில் பெர்குசனின் பெயர் கொடிகட்டிப் பறந்தது. கவன்ட்ரி நகரத்துப் பானர் லேன் ஆலை, போரின்போது வானூர்தி எஞ்சின் செய்த இடம். அங்கே 1946 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி பெர்குசனுக்காக ‘டி.இ. 20’ என்னும் சிறிய சாம்பல் நிற வண்டியைச் செய்தது. 1956 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை அவ்வாலையினின்று வெளிவந்தன. நிறத்தைப் பற்றிப் பெர்குசனுக்குத் திட்டமான கருத்து இருந்தது: உழவுக் கருவிக்கு வண்ணப் பகட்டு வேண்டா. அந்தப் பகட்டின்மையே அடையாளமாயிற்று. எட்மண்ட் ஹிலாரி 1958ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தென் துருவத்தை அடைந்தபோது, அவரையும் தோழர்களையும் அங்கே கொண்டு சேர்த்தவை சக்கரங்களின் மேல் இரும்புப் பட்டை சுற்றிய பெர்குசன் டிராக்டர்களே. எவரெஸ்டில் ஏறியவர் வயலுக்கென்று செய்த வண்டியில் துருவத்துக்குச் சென்றார் என்னும் செய்தியைவிடப் பெரிய விளம்பரம் வேறென்ன வேண்டும்?

அதற்குள் பெயரின் உடைமை மாறிவிட்டது. கனடாவில் டேனியல் மேசி 1847இலும் அலன்சன் ஹாரிஸ் 1857இலும் தொடங்கிய இரு பட்டறைகள் 1891இல் இணைந்து மேசி-ஹாரிஸ் ஆகியிருந்தன. அந்நிறுவனத்தோடு 1953இல் பெர்குசன் தம் தொழிலை இணைத்தார். விலை பேசுகையில் பத்து இலட்சம் டாலர் வேறுபாடு எழுந்ததாம். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்போம் என்றார் பெர்குசன். சுண்டினர், அவர் தோற்றார். ஓராண்டில் நிறுவனத்தை விட்டும் விலகினார். 1960இல் மறைந்தார். தமக்கென்று ஒரு பெரிய ஆலையை ஒருநாளும் கட்டாதவர். தம் பெயரை மட்டும் விட்டுச் சென்றார்.

இணைப்புக்குப் பின் நேர்ந்த குழப்பம் பற்றின் இயல்பை நன்கு காட்டும். மேசி-ஹாரிஸ் வண்டி சிவப்பு. பெர்குசன் வண்டி சாம்பல். ஒரே முதலாளியின் இரு வண்டிகளை, ஒரே ஊரில் இரு வணிகர்கள், ஒன்றையொன்று பழித்து விற்றனர். உழவர்களும் இரு கட்சியாகவே நின்றனர். இரு பெயரையும் தனித்தனியே போற்றினால் இரட்டிப்பு விற்பனை கிட்டும் என்று எண்ணிய தலைமை, நட்டத்தையே கண்டது. இறுதியில் 1958இல் மேசி பெர்குசன் என்னும் ஒரே பெயரும், சிவப்பும் சாம்பலும் கலந்த ஒரே கோலமும் நிலைபெற்றன. அக்கோலத்தில் வந்த ‘35’ என்னும் வண்டியே ஆசிய நாட்டு வயல்களில் மிகுதியாக இறங்கியது.

பிற நிறங்களுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1837இல் எஃகுக் கலப்பை செய்யத் தொடங்கிய ஜான் டியரின் நிறுவனம், 1918இல் வாட்டர்லூ பாய் ஆலையை விலைக்கு வாங்கி டிராக்டர் தொழிலில் இறங்கியது. பச்சை உடலும் மஞ்சள் சக்கரமும் அதன் அடையாளம். இரண்டே உருளைகள் கொண்ட எஞ்சினின் ‘டப்-டப்’ ஓசையை வைத்தே அதன் அன்பர்கள் தொலைவிலிருந்து அடையாளம் காண்பர். அவ்வோசையை விட்டுவிட்டால் அன்பர்களையும் இழக்க நேருமோ என்று நிறுவனத்தார் அஞ்சினர். ஏழாண்டுகள் மறைவாக உழைத்து, 1960 ஆகஸ்டில் டல்லாஸ் நகருக்கு விற்பனையாளர் அனைவரையும் வரவழைத்து, நான்கும் ஆறுமாகிய உருளைகள் கொண்ட புதிய வண்டிகளை ஒரே நாளில் வெளியிட்டனர். அன்பர்கள் போகவில்லை, மூன்றாண்டில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரை முந்தியது அந்நிறுவனம். ஓசை போயிற்று, எஞ்சினும் போயிற்று. பச்சை நிறமும் அருகிலிருந்த விற்பனைக் கடையும் இருந்தன. 1985இல் ஹார்வெஸ்டரின் வேளாண் பிரிவே கேஸ் நிறுவனத்தோடு இணைந்து தன் தனிவாழ்வை முடித்துக்கொண்டது.

இங்கே ஒரு கேள்வி எழும். பெர்குசனின் காப்புரிமைக் காலம் முடிந்ததும் மூன்று முளைப் பூட்டு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாயிற்று. இன்று எவர் கலப்பையும் எவர் வண்டிக்கும் பொருந்தும். அப்படியாயின் உழவனைக் கட்டியிருந்த இரும்புக் கட்டு அறுந்தது. பற்று ஏன் அறவில்லை? விடை தேட வயலைவிட்டுப் பட்டறைக்குச் செல்ல வேண்டும். அப்பட்டறையும் சென்னையில் இருக்கிறது.

செம்பியத்துச் சிவப்பு

சென்னையில் 1840இல் குதிரை வண்டி செய்யும் பட்டறையாகத் தொடங்கியது சிம்ப்சன் நிறுவனம். நெல்லைச் சீமையில் ஆழ்வார்குறிச்சியில் பிறந்த சி. அனந்தராமகிருஷ்ணன் காலத்தில் அது அமால்கமேசன்ஸ் குழுமத்தின் தாய்வீடாயிற்று. பெர்கின்ஸ் வகை டீசல் எஞ்சின்களையும் செய்தது. 1959இல் அந்தப் பெர்கின்ஸ் நிறுவனத்தையே மேசி பெர்குசன் விலைக்கு வாங்கியது. ஆகவே இரு வீட்டாருக்கும் உறவு எளிதாயிற்று. 1960இல் ‘டிராக்டர்ஸ் அண்டு பார்ம் எக்விப்மென்ட்’ என்னும் நிறுவனம் தோன்றியது. முதலெழுத்துகளைச் சேர்த்து டாபே என்பர். வடசென்னைச் செம்பியத்தில் மேசி பெர்குசன் வண்டி உருவாகலாயிற்று. இந்தியா முழுவதிலும் 1961-62ஆம் ஆண்டில் செய்யப்பட்ட டிராக்டர்கள் 880 மட்டுமே என்பதை நினைத்தால், அம்முயற்சியின் துணிவு விளங்கும். அனந்தராமகிருஷ்ணன் 1964இல் மறைந்தபின் அவர் மகன் சிவசைலமும், பின்னர்ப் பேர்த்தி மல்லிகா சீனிவாசனும் தொழிலை நடத்தினர்.

அக்காலத்தில் டிராக்டர் என்பது தவம் கிடந்து பெறும் பொருள். பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பர். செக்கோஸ்லோவாகியாவின் செட்டர் கிடைத்தால் அதுவும் சரி, சோவியத்து நாட்டுப் பெலாரஸ் கிடைத்தால் அதுவும் சரி. தட்டுப்பாட்டுக் காலத்தில் பற்று ஏது? பசித்தவன் அரிசியின் பெயர் கேட்பதில்லை. தெரிந்தெடுக்கும் உரிமை வந்தபின்னரே பெயர்ப் பற்றும் வந்தது. அதனை வளர்த்தவர் விளம்பரக்காரர் அல்லர், சிற்றூர்ப் பட்டறைக்காரர்.

நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, கால்வாயில் முறைத்தண்ணீர் மூன்று நாளைக்குத்தான். அவ்வேளையில் வண்டி நின்றுவிட்டால் உழவன் நாடுவது யாரை? அருகிலுள்ள ஊரில் அவ்வண்டியைப் பலமுறை பிரித்துக் கூட்டிய கை ஒன்று இருக்கவேண்டும். அங்கேயே ஒரு கடையில் அதற்குரிய உறுப்பு தொங்கவேண்டும். ஓர் ஊரில் ஒரே வகை வண்டி பத்து ஓடினால், கடைக்காரர் அதன் உறுப்பையே வாங்கி வைப்பார். மெக்கானிக்கும் அதையே கற்பார். ஆகவே பதினோராவது உழவனும் அதையே வாங்குவது அறிவுடைமை. வாங்குவதால் அது மேலும் பெருகும். பழைய வண்டியை விற்கும்போது நல்ல விலை கிட்டுவதும் இதனாலேயே. குடும்பப் பற்று என்று வெளியே தோன்றுவது, உள்ளே ஊராரின் கூட்டறிவாக இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அடிப்படை மாறாமல் வந்த அமைப்பு, மெக்கானிக்குக்கு வசதி. புதுமை குறைந்த வண்டி என்று பொறியியலார் குறைகூறலாம். அடைமழைக் காலத்தில் அவர்கள் வயலுக்கு வருவதில்லை.

வட இந்தியாவில் வேறு பெயர்கள் வேரூன்றின. 1959இல் ஐச்சர், 1963இல் ஹார்வெஸ்டரோடு கூடி மகிந்திரா, 1974இல் பஞ்சாபில் உள்நாட்டு அமைப்பாகவே சுவராஜ் ஆகியவை வெளிவந்தன. ஹார்வெஸ்டரின் பெயர் தாயகத்தில் தேய்ந்தபோதும், அதனோடு கைகோத்துத் தொடங்கிய மகிந்திரா எண்ணிக்கையில் உலகிலேயே மிகுதியாக டிராக்டர் விற்கும் நிறுவனமாயிற்று. 2005இல் ஐச்சரின் டிராக்டர் தொழிலை டாபே வாங்கியது. ஆனால் ஐச்சர் என்னும் பெயரை அழிக்கவில்லை. 1953இன் குழப்பத்தை அவர்கள் மறக்கவில்லை போலும். இம்முறை இரு பெயரும் இரு வேறு பகுதிகளில் வேர்கொண்டிருந்தமையால் தீங்கு நேரவில்லை.

ஈழமும் கடாரமும்

ஈழத்தில் பெயர் ஒரு படி மேலே சென்று பொதுச்சொல்லாகவே மாறிவிட்டது. கையால் பிடித்து நடத்தும் இருசக்கர உழவு இயந்திரத்தை அங்குள்ளோர் ‘லான்ட்மாஸ்டர்’ என்பர். அஃது இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் வணிகப்பெயர். பின்னர் ஜப்பான் நாட்டு இயந்திரங்கள் வந்து வயல்களை நிறைத்தன. அவற்றையும் மக்கள் லான்ட்மாஸ்டர் என்றே அழைத்தனர். பெயருக்கு இதனினும் பெரிய வெற்றி இல்லை. உரியவருக்கோ இதனால் ஒரு காசும் இல்லை.

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் இன்று பாயான் பாரு நகரம் நிற்கும் பகுதியும், அதனையடுத்து 1972 முதல் எழுந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் முன்னாளில் நெல்வயல்கள் பரந்த இடமாகும். அங்கே ஏர் போய் மின்னணு ஆலை வந்தது. உழுபொறியின் கதையைக் காண நீரிணையைக் கடந்து செபராங் பிறைக்கும், அதற்கப்பால் தமிழர் கடாரம் என வழங்கிய கெடாவுக்கும் செல்லவேண்டும். மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் நிறைவெய்தி, ஏறத்தாழ 96,000 ஹெக்டேர் நிலத்தில் இருபோகச் சாகுபடிக்கு வழிசெய்தது. ஒரு போகத்துக்கும் மறு போகத்துக்கும் இடையே உள்ள நாள்கள் சில. எருமை ஏர் அந்த விரைவுக்கு ஈடுகொடுக்க இயலாது. பத்தாண்டுக்குள் எருமை விலகி டிராக்டர் நிறைந்தது. ஆனால் ஒன்றிரண்டு ரெலோங் நிலமுடைய சிறு உழவர் டிராக்டர் வாங்குவதில்லை. ஒப்பந்தக்காரரை அழைத்துக் கூலிக்கு உழுவிப்பர். அங்கே பற்று, வண்டியின் பெயரைச் சாராது, சொன்ன நாளில் வந்து சேரும் ஒப்பந்தக்காரரைச் சார்ந்தது. இருபோகத்தால் ஆண்டு முழுவதும் நீர் தேங்கிய நிலம் உறுதி குன்றிச் சக்கரத்தை விழுங்கத் தொடங்கியபோது, கூண்டுச் சக்கரம் மாட்டிய எடை குறைந்த வண்டிக்கே மதிப்பு ஏற்பட்டது. ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் நிலைமை வேறு. அங்கே வண்டியைத் தெரிந்தெடுப்பது நிர்வாகம், ஓட்டுபவரைக் கேட்பாரில்லை. குலை ஏற்றிய டிரெய்லருடன் வழுக்கும் மண் பாதையில் ஏறி இறங்கிய தமிழ் ஓட்டுநர்களின் கருத்தை எந்த நிறுவனத்தின் வரலாறும் பதிவு செய்யவில்லை. அது குறையே.

பெயர் யாருக்கு உரியது?

மேசி பெர்குசன் நிறுவனம் 1970களின் இறுதியில் பெருங்கடனில் மூழ்கிற்று. 1994இல் அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. 2003ஆம் ஆண்டளவில் கவன்ட்ரியின் பானர் லேன் ஆலை மூடப்பட்டது. தாய் ஆலை மறைந்தது. செம்பியத்துச் சேய் ஆலை நின்றது. சென்னை நிறுவனமும் ஆக்கோவின் பங்குகளில் ஒரு பகுதியை வாங்கியது. ஆக்கோவும் டாபேயில் 20.7 விழுக்காடு பங்கு வைத்திருந்தது. ஒருவர் வீட்டில் ஒருவர் பங்காளி.

இந்நிலையில் 2024ஆம் ஆண்டு ஏப்ரலில், மேசி பெர்குசன் என்னும் பெயரை இந்தியாவில் பயன்படுத்த அளித்திருந்த உரிமத்தை முடித்துக்கொள்வதாக ஆக்கோ அறிவித்தது. வழக்கு சென்னை நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆக்கோவின் கட்சி எளிது: பெயர் எங்கள் உடைமை, கடன் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கிறோம். டாபேயின் கட்சி ஆழமானது: அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டு வயல்களில் இப்பெயருக்கு மதிப்பைத் தேடித் தந்தவர்கள் நாங்கள், இந்திய உழவன் இப்பெயரைச் சொல்லும்போது நினைப்பது எங்கள் வண்டியையே. பெயரைப் படைத்தவருக்கு உரிமையா, அதன் நம்பிக்கையைக் காத்தவருக்கு உரிமையா என்பதே அடிப்படை வினா. 1947இல் போர்டுக்கும் பெர்குசனுக்கும் இடையே எழுந்த பூசலின் எதிரொலி இதில் கேட்கிறது. அங்கே கண்டுபிடித்தவர் ஒருவர், செய்தவர் ஒருவர். இங்கே பெயருடையவர் ஒருவர், அதற்குப் பொருள் தந்தவர் ஒருவர். ஆலையை ஓரிரு ஆண்டில் வேறிடத்தில் கட்டிவிடலாம். சிற்றூர்ப் பட்டறைகளில் அறுபது ஆண்டாகப் பழகிய கைகளை அவ்வாறு கட்டி எழுப்ப முடியாது என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்தே இருந்தது.

தீர்ப்புக்குக் காத்திராமல் இருவரும் உடன்பட்டனர். 2025 ஜூலைத் தொடக்கத்தில் வெளியான அறிவிப்பின்படி, இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகிய மூன்று நாடுகளில் மேசி பெர்குசன் என்னும் பெயர் டாபேயின் முழு உடைமையாயிற்று. டாபேயில் ஆக்கோ வைத்திருந்த பங்குகளை 26 கோடி டாலருக்குத் திரும்பப் பெற டாபே உடன்பட்டது. ஏனைய நாடுகளில் பெயர் ஆக்கோவினுடையதாகவே தொடர்கிறது. ஆகவே அயர்லாந்து உழவர் மகனின் பெயருக்கு இன்று இரண்டு உடைமையாளர்கள். பாக்கு நீரிணைக்கு இப்பால் வேதாரணியத்து வயலில் ஓடும் வண்டியில் அப்பெயர் செம்பியத்தாருக்குரியது. நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்து வயலில் ஓடும் வண்டியில் அதே பெயர் அமெரிக்கருக்குரியது.